அறுபத்திரண்டாவது வரி

அச்சகத்தில் அக்காவுக்குக் காற்புள்ளி என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை, காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் பெரிய இயந்திரம் ஓட ஆரம்பித்த பிறகு, மாடியிலிருந்து ஒற்றைச் செருப்போடு இறங்கி ஓடி வந்து, நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நாங்கள் பதறிப் போனோம். விஷயம் ஒன்றுமில்லை. "தண்ணீரோடு, மென்று தின்னாமல் விழுங்கவும்" என்று இருக்க வேண்டிய வரியில் காற்புள்ளி ஒரு சொல் தள்ளி விழுந்து, "தண்ணீரோடு மென்று, தின்னாமல் விழுங்கவும்" என்று ஆகிவிட்டது. தண்ணீரை மெல்வது எப்படி என்று ஒரு வாரம் முழுக்க ஆளுக்கொரு விளக்கம் சொல்லிச் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அந்தத் தாள்கள் வெளியே போகவில்லை.

மருந்துப் பெட்டிக்குள் பொடிப்பொடி எழுத்தில் ஒரு மெல்லிய தாளைச் சின்னதாக மடித்து வைத்திருப்பார்களே, எங்கள் அச்சகத்தில் அதை மட்டும்தான் அடிக்கிறார்கள். நான் கீழே மடிப்பு இயந்திரத்தில் நிற்பவள். அக்கா மாடியில் மெய்ப்பு பார்ப்பவர். அவரோடு வசனம் என்று ஒருவர் இருந்தார். மூலப் பிரதியை அவர் சத்தமாக வாசிப்பார், அக்கா அச்சுப் பிரதியில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். வசனம் இளவயதில் மேடை நாடகத்தில் ஏறி, இறக்கிவிடப்பட்டவர். அந்த ஆசை அடங்காமல், "வயிற்றுப்போக்கு, வாந்தி, வாய் உலர்தல்" என்பதைப் போருக்குப் புறப்படும் ராஜா மாதிரி வாசிப்பார். கீழே எங்களுக்குக் கேட்கும்.

இருபத்திரண்டு வருஷம் அக்கா அந்த நாற்காலியில் இருந்தார். ஆயிரக்கணக்கான தாள்கள் அவர் கண் வழியாகப் போயிருக்கும். ஆனால் படித்தாரா என்று கேட்டால் இல்லை என்பார். "நான் எழுத்தைத்தான் பாக்குறேன், விஷயத்தைப் பாக்கிறதில்ல. விஷயத்தைப் பாத்தா எழுத்து தப்பிச்சிடும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அரிப்புக்கும் தும்மலுக்கும் கொடுக்கிற ஒரு மாத்திரையின் தாள் வருஷத்துக்கு நாலு தடவை மறு அச்சுக்கு வரும். அதை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். "எச்-1 ஏற்பிகளில் செயல்படும் ஆன்ட்டிஹிஸ்டமின்" என்று தொடங்கும். மொத்தம் அறுபத்தொரு வரி. ஏற்பி என்றால் என்ன, எங்கே இருக்கிறது என்றெல்லாம் அவர் யோசித்ததே கிடையாது. "ஏ"வுக்கு "எ" விழுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான ஆள், சிரித்த முகம். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டுக்குள் தலையை விட்டவர் என்று அக்கா பெருமையாகச் சொல்வார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடச் சொன்னபோது, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பாதி நாள் விட்டுவிட்டார். அப்படி எட்டு வருஷம் போயிற்று. ஒருநாள் கால் வீங்கியது என்று போனவரிடம், இரண்டு சிறுநீரகமும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டன என்று சொன்னார்கள். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். வேறு சிறுநீரகம் பொருத்த அவர் இதயம் தாங்காது என்றும் சொல்லிவிட்டார்கள். அவர் மோட்டார் அறைகளின் சாவிக்கொத்தை நிறுவனத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்.

அக்கா அதற்கும் பழகிக்கொண்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் அவரை இயந்திரத்தோடு சேர்த்துவிட்டு வேலைக்கு வருவார், மதியம் போய்க் கூட்டிக்கொண்டு போவார். அக்காவும் நானும் ஒரே பேருந்தில் போகிறவர்கள் என்பதால் எல்லாம் எனக்கு அன்றன்றைக்குத் தெரிந்துவிடும். தண்ணீரை அளந்து குடிப்பது, உப்பில்லாமல் சமைப்பது, எதுவும் அக்காவை அசைக்கவில்லை. அசைத்தது அரிப்பு.

டயாலிசிஸ் தொடங்கி ஆறு மாதத்தில் அது கணவருக்கு வந்தது. முதலில் முதுகு, பிறகு கை, கால், தலை, காதுக்குள். தோலில் ஒன்றும் இருக்காது. தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. ஆனால் உள்ளே ஏதோ ஊர்வது போல, ஊர்வதும் இல்லை, எரிவதும் இல்லை, சொல்லத் தெரியவில்லை என்பார். சீப்பால் சொறிந்தார். கதவு விளிம்பில் முதுகைத் தேய்த்தார். வேலைக்கு வைத்திருந்த பெட்டியிலிருந்து நீளமான திருப்புளியை எடுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். அவர்கள் வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஒரு அறையில் சொறிந்தால் மறு அறையில் கேட்கும். அக்கா இரண்டு நாளுக்கொரு முறை அவருக்கு நகம் வெட்டிவிடுவார். படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டு இல்லாத காலை இல்லை.

அக்காவுக்கு மாத்திரை ஞாபகம் வந்தது இயல்புதான். அரிப்புக்கு என்ன மருந்து என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அந்த அறுபத்தொரு வரியில் நாற்பதாவது வரி அவருக்கு மனப்பாடம்: "சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு மருந்தின் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும்." குறைக்க வேண்டும் என்றுதானே போட்டிருக்கிறது, கொடுக்கக் கூடாது என்று இல்லையே. அப்படியானால் சிறுநீரகக்காரர்களுக்கும் கொடுக்கிற மருந்துதான் என்று முடிவு செய்தார். டாக்டரிடம் கேட்டார். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, கொடுத்துப் பாருங்கள் என்றார்.

பாதி பாதியாக ஒரு மாதம் கொடுத்தார். ஒரு மாற்றமும் இல்லை. கடைக்காரர் பழைய ரக மாத்திரை ஒன்று இருக்கிறது, அது வேகமாகக் கேட்கும் என்றார். டாக்டரும் சரி என்றார். அதைப் போட்ட முதல் நாள் அவர் பகல் முழுக்கத் தூங்கினார். மறுநாள் பேருந்தில் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே. "தூங்குறார்டி, குழந்தை மாதிரி தூங்குறார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்கு நாள் அந்த மகிழ்ச்சி இருந்தது. ஐந்தாம் நாள் விடுமுறை. சாயங்காலம் அவர் தூங்கும்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, குறட்டை வருகிறது, இரண்டு கையும் நிற்காமல் தொடையைச் சொறிந்துகொண்டே இருக்கின்றன. எழுப்பிக் கேட்டால், அரிப்பு அப்படியேதான் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் தெம்பில்லை என்றாராம்.

அவர்களுக்கு ஒரே மகள். கைபேசிக் கடையில் வேலை. அப்பா செல்லம். ஆனால் அந்தச் சத்தத்தை அவளால் தாங்க முடியவில்லை. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சாப்பிடுவாள். ஒருநாள், அப்பா கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு சும்மா இரு என்று கத்திவிட்டாள். அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முகம் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் அவள் கடைக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதியில் இடம் பார்த்துக்கொண்டாள். போகும்போது அப்பாவும் மகளும் அழவில்லை என்று அக்கா சொன்னார். அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

அந்த அரிப்பு மாத்திரையைத் தயாரிக்கிற நிறுவனத்தில் எங்கள் மெய்ப்புகளைப் பார்த்து ஒப்புதல் தருகிற ஒரு அம்மா இருந்தார். மருந்தியல் படித்தவர். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அவர் கையெழுத்து வேண்டும் என்பதால் அச்சகத்தில் அவருக்குக் கையெழுத்தம்மா என்று பெயர். அக்கா அவரை நேரில் பார்த்ததே இல்லை, பதினைந்து வருஷமாகத் தொலைபேசியில் மட்டும்தான் பழக்கம். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் அக்கா அவரைக் கூப்பிட்டார். நான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது.

"மேடம், பிழை எதுவும் இல்ல. ஒரு சந்தேகம். இந்த அரிப்பு மாத்திரை எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும்."

அந்தப் பக்கம் கொஞ்சம் திகைத்த மாதிரி இருந்தது. பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக விஷயத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். வகுப்பில் சொல்வது போல இல்லை, பக்கத்து வீட்டில் சொல்வது போல.

தோலுக்குக் கீழே மாஸ்ட் செல்கள் என்று சில செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஹிஸ்டமின் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உடம்புக்கு ஒவ்வாதது ஏதாவது வந்தால் அந்தச் செல் பொட்டலங்களை வெளியே கொட்டிவிடும். ஆனால் ஹிஸ்டமின் தானாக யாரையும் அரிக்கச் செய்யாது. நரம்பின் நுனியிலும் ரத்தக் குழாயின் சுவரிலும் உள்ள செல்களில் ஒரு புரதம் இருக்கிறது. செல்லின் மெல்லிய உறையை ஏழு தடவை உள்ளும் புறமுமாகத் தைத்தது போல அது பதிந்திருக்கும். அதுதான் ஏற்பி. ஹிஸ்டமின் வந்து அதில் ஒட்டினால் அதன் வடிவம் மாறும், செல்லுக்குள்ளே செய்தி போகும். நரம்புக்குப் போனால் அரிப்பு, ரத்தக் குழாய்க்குப் போனால் வீக்கம், சிவப்பு.

மாத்திரை ஹிஸ்டமினை அழித்துவிடும் என்றுதான் அக்கா நினைத்திருந்தார். கையெழுத்தம்மா இல்லை என்றார். ஹிஸ்டமின் அப்படியேதான் இருக்கும். அது போய் உட்காரும் இடத்தில் மாத்திரை முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் சொல்லிவந்தார்கள். பிறகுதான் அதற்கு மேலும் ஒன்று இருப்பது தெரிந்தது. அந்த ஏற்பி யாரும் தொடாவிட்டாலும் சும்மா இருப்பதில்லை. விழித்த வடிவம், அடங்கிய வடிவம் என்று இரண்டுக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கிறது. ஹிஸ்டமின் ஒட்டினால் விழித்த வடிவத்தில் நிற்கும். மாத்திரை ஒட்டினால் அடங்கிய வடிவத்திலேயே நிற்கும். மாத்திரை செய்வது அவ்வளவுதான், அந்த ஒரு புரதத்தை அடங்கியபடி பிடித்துவைக்கிறது.

பழைய மாத்திரைக்கு ஏன் அத்தனை தூக்கம் என்று அக்கா கேட்டார். மூளையிலும் அதே ஏற்பிகள் உண்டு, அங்கே ஹிஸ்டமினுக்கு நம்மை விழிப்பாக வைத்திருக்கிற வேலை, பழைய மாத்திரை மூளைக்குள் புகுந்து அதையும் அடக்கிவிடுகிறது, புதியவற்றை மூளையின் ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடுகின்றன என்றார். அப்போது அக்கா, "அப்ப அந்தத் தூக்கம் அரிப்பு அடங்கினதால இல்லையா" என்று கேட்டார். குரல் மாறியதைக் கையெழுத்தம்மா கவனித்துவிட்டார்.

"வீட்டுல யாருக்குங்க?"

"என் வீட்டுக்காரருக்கு. கிட்னி போயிடுச்சு. டயாலிசிஸ் நடக்குது."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வசனம் எழுந்து வெளியே போய்விட்டார்.

"அந்த அரிப்பு பெரும்பாலும் இந்த வழியா வர்றதில்லைங்க. நரம்பே வேற விதமா கெட்டுப்போகுது. எப்படின்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியல."

"அப்ப மாத்திரை வேலை செய்யலையா மேடம்?"

"செய்யுது. அது போய் ஏற்பியில ஒட்டுது, அடக்கியும் வைக்குது. அங்க அதுக்கு வேலை இல்ல, அவ்வளவுதான்."

அக்கா நன்றி சொல்லி வைத்தார். டப்பாவை மூடினார். அன்று மதியம் அவர் பார்த்த நாலு பக்கத்தில் மூன்று பிழை தப்பியது. வசனம்தான் கண்டுபிடித்து யாருக்கும் தெரியாமல் திருத்தினார்.

அன்று மாலை நானும் அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து முழங்கையால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் முழுதும் கேட்டுவிட்டு, இதைப் புரிந்துகொள்ள மருந்து படிக்க வேண்டியதில்லை என்றார்.

"ஒரு ஸ்விட்ச்சை ஆஃப்ல அமுக்கிப் பிடிச்சிருக்கோம். ஆனா மோட்டாருக்குக் கரண்ட் வேற லைன்ல வந்துட்டிருக்கு. ஸ்விட்ச்சை எத்தனை பேர் பிடிச்சா என்ன, லிஃப்ட் ஏறிட்டுதான் இருக்கும்."

"அந்த லைன் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கலாம்ல?" என்றார் அக்கா.

"கட்டடத்தோட வரைபடம் இருந்தா கண்டுபிடிக்கலாம்" என்று சொல்லி மறுபடி சுவரில் தேய்க்க ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்த்து, என் முதுகில் சொறிய ஆள் தேவை, சம்பளம் கிடையாது, சாப்பாடு உப்பில்லாதது, வருகிறாயா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

வேறு வழிகளையும் பார்த்தார்கள். டயாலிசிஸ் நேரத்தைக் கூட்டினார்கள். தோலுக்கு எண்ணெயும் களிம்பும் தடவினார்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கிற ஒரு மருந்தைக் குறைந்த அளவில் டாக்டர் கொடுத்தார், அது உண்மையில் கேட்டது. பதினெட்டு நாள் அவர் கை அசையாமல் சாப்பிட்டார். மகள்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நாள் முழுக்க இருந்துவிட்டுப் போனாள். ஆனால் அந்த மருந்தில் தலை சுற்றியது. மருந்தை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் வேலை செய்யாததால் அது உடம்பிலேயே தங்கிவிட்டது. பத்தொன்பதாம் நாள் குளியலறையில் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. டாக்டர் அதை நிறுத்திவிட்டார். ஒளி சிகிச்சை என்று ஒன்று இருக்கிறதாம், அந்த இயந்திரம் அந்த மருத்துவமனையில் இல்லை. அது இருக்கிற ஊருக்கு வாரம் மூன்று முறை போய்வர, டயாலிசிஸும் செய்துகொண்டு, அவரால் முடியாது.

அந்த வாரம்தான் அரிப்பு மாத்திரையின் தாள் மறு அச்சுக்கு வந்தது. அக்கா நாற்பதாவது வரிக்குப் பக்கத்தில், இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, விஷயத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுதினார். சிறுநீரகக்காரர்கள் அளவைக் குறைக்க வேண்டும் என்று இருக்கிறது, அவர்களுடைய அரிப்புக்கு இது கேட்காது என்றும் சொல்ல வேண்டாமா என்று. மெய்ப்பு திரும்பி வந்தபோது அந்தக் கேள்விக்குக் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் "அனுமதிக்கப்பட்ட வாசகம், மாற்ற இயலாது" என்று இருந்தது. கையெழுத்தம்மாவின் கையெழுத்துதான். அவர் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றாலும் அரசு அலுவலகம்வரை போய் வர வேண்டும், இரண்டு வருஷம் ஆகும், அந்த மருந்து அந்த அரிப்புக்கென்று தாளில் எங்கேயும் சொல்லப்படவில்லை, அதனால் சட்டப்படி குறை ஒன்றும் இல்லை என்று. அக்கா சரி மேடம் என்றார்.

சரி என்று சொன்னவர் சும்மா இருக்கவில்லை. ஒப்புதல் கையெழுத்து விழுந்த பிறகும், ஒரு வரி மடங்கிய இடத்தைச் சரிசெய்ய ஒரு கடைசித் தாள் கணினியில் எழுத்துக் கோப்பவருக்குப் போகும். அதில் நாற்பதாவது வரிக்குக் கீழே அக்கா சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்தார்: "சிறுநீரகச் செயலிழப்பால் வரும் அரிப்புக்கு இம்மருந்து பெரும்பாலும் பயன் தராது." எழுத்துக் கோப்பவர் கேள்வி கேட்கவில்லை. காற்புள்ளி குறித்தால் சரியாகத்தான் இருக்கும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

தாள்கள் கீழே என்னிடம் வந்தன. நாலு வருஷமாக அந்தத் தாளை மடிக்கிறேன். மூன்றாவது மடிப்பு எப்போதும் இரண்டு பத்திகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளையில் விழும். அன்றைக்கு ஒரு வரியின் மேலேயே விழுந்தது. இயந்திரம்தான் நகர்ந்துவிட்டது என்று நிறுத்திவிட்டு ஒரு தாளை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். அந்த வரியைப் படித்தேன். இரண்டாம் முறையும் படித்தேன். யாருடைய வாக்கியம் என்று தெரிந்துவிட்டது, அந்த மதியம் நானும்தானே அங்கே இருந்தேன். மாடிக்குப் போய்க் கேட்டிருக்கலாம். மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கலாம். நான் மடிப்பின் இடத்தை ஒரு நூல் அளவு தள்ளி வைத்து, இயந்திரத்தை ஓட விட்டேன்.

ஒன்பது நாள் கழித்து அச்சடித்தது முழுதும் திரும்பி வந்தது. மருந்து நிறுவனத்தின் கிடங்கில் ஒரு தாளை ஒப்புதல் பிரதியின் மேல் வைத்து, அடியில் விளக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அறுபத்தொரு வரி இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்திரண்டு. அத்தனை பெட்டிகளும் பின்வாசலில் இறங்கின. அரைக்கும் இயந்திரத்தில் போட இரண்டு நாள் ஆயிற்று.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டுப் பேசியபோது கதவு திறந்தேதான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. எழுத்துக் கோப்பவர் தவறாகப் போட்டுவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரிதான் பேசினார். அக்கா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"அவர் தப்பு இல்ல சார். நான்தான் எழுதினேன்."

"ஏம்மா? இருபத்திரண்டு வருஷத்துல ஒரு புள்ளி விடாம பாத்த ஆளு நீங்க."

"பிழை இல்ல சார் அது. விட்டுப்போயிருந்துச்சு, சேத்தேன்."

யார் யார் பார்த்தீர்கள் என்று எங்களையும் வரிசையாகக் கேட்டார்கள். மடிக்கும்போது கவனித்தாயா என்று மேற்பார்வையாளர் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அக்கா இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

அன்று மாலையே அவருடைய நாற்காலி காலியாகிவிட்டது. அதைவிட மோசமானது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. அந்த வாக்கியம் ஒரு மெய்ப்பு பார்ப்பவருக்கு எங்கிருந்து வந்தது என்று நிறுவனத்தில் விசாரித்திருக்கிறார்கள். கையெழுத்தம்மா, நான்தான் அவரிடம் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டார். அவரை வேறு ஊரில் உள்ள கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா மன்னிப்புக் கேட்க நாலு தடவை கூப்பிட்டார். அந்த எண்ணை எடுப்பவர் யாரோ புது ஆள். மறு அச்சு ஓடியது, அறுபத்தொரு வரி. நான்தான் மடித்தேன். மடிப்பு வெள்ளையில் சரியாக விழுந்தது.

வேலை போன பிறகு அக்காவுக்கு மருந்துக் கடைக்குப் போகிற நேரம் கூடியது. ஒருநாள் கடையில் கூட்டம், ஓரமாக நின்றிருக்கிறார். கடைக்காரர் பெட்டி பெட்டியாகப் பிரித்து, அட்டைகளைக் கத்தரித்து, கேட்ட எண்ணிக்கைக்குக் காகித உறையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெட்டியும் உள்ளே இருந்த தாளும் காலடியில் இருந்த கூடைக்குப் போயின. கூடை நிரம்பி வழிந்தது. எல்லாம் எங்கள் தாள்தான், பிரிக்காத மடிப்போடு. யாராவது தாளைக் கேட்பார்களா என்று அக்கா விசாரித்திருக்கிறார். முன்பு ஒருவர் கேட்டார், மூக்குக் கண்ணாடி துடைக்க என்றாராம் கடைக்காரர். இதை என்னிடம் சொல்லும்போது அக்கா சிரிக்க முயன்றார்.

அவர் கணவர் அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். ஊசி குத்துகிற இடது கையில் சொறிந்து சொறிந்து ஒரு புண் ஆறாமலே இருந்தது. அது வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. குளிர்க் காய்ச்சலோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். செவிலியர் இரண்டு கையிலும் துணியைச் சுற்றி உறை மாதிரிக் கட்டிவிட்டார், சொறியாமல் இருக்க. நான் பார்க்கப் போனபோது மகள் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்து, துணி கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா, இப்ப சத்தமே வராது."

அவள் பக்கத்தில் போய் அவர் முதுகுக்கு அடியில் கையை விட்டுச் சொறிந்துவிட ஆரம்பித்தாள். மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு இரண்டு கையாலும். போதும்மா என்று அவர் சொல்லவே இல்லை. பார்வை நேரம் முடிந்ததும் செவிலியர் வந்து எங்களை வெளியே அனுப்பினார். மூன்றாம் நாள் முற்பகலில் அவர் போய்விட்டார். கடைசியாக நினைவு தப்பும்வரை அரிப்பு இருந்தது என்று அக்கா சொன்னார். நினைவு தப்பிய பிறகு இருந்ததா என்று யாருக்கும் தெரியாது.

மகள் ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுத் திரும்பப் போய்விட்டாள். வாரத்துக்கு ஒரு முறை கூப்பிடுகிறாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அவ்வளவுதான் பேச்சு. வேறு அச்சகங்கள் அக்காவை எடுக்கவில்லை. ஊரில் இருப்பதே மூன்று, மூன்றுக்கும் விஷயம் தெரியும். இப்போது பேருந்து நிலையத்தில் பொருள் பாதுகாப்பு அறையில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு வில்லை கொடுக்கிறார். வில்லையில் எண் மட்டும்தான் இருக்கிறது, எழுத்து கிடையாது.

போன மாதம் நான் வேலை முடிந்து அந்த வழியாகப் போனேன். நெடுநாளாக மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். அந்த வரியை நான் அன்றைக்கே பார்த்தேன் அக்கா, பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியும். மடிக்கிறவளுக்கு அது தெரியாம இருக்குமா?"

"நீங்க ஒண்ணும் கேக்கலையே."

"கேட்டு? நீ உண்மையைச் சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். அவருக்கு அரிச்சுக்கிட்டேதான் இருந்திருக்கும்."

அதற்குள் ஒருவர் இரண்டு பெரிய பைகளோடு வந்து நின்றார். அக்கா எழுந்து பைகளை வாங்கித் தட்டில் ஏற்றினார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். வரிசையில் இன்னும் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். வருகிறேன் என்று சொன்னது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.